அன்ரனெற்றின் கிழக்கு எல்லை

ரொறன்ரோவின் ஸ்காபரோவில், மார்க்கம் வீதிப் பக்கத்துப் பிளாசா ஒன்றில், பயண முகவர் கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை இருக்கிறது. சனிக்கிழமைகளில் அருள்நாயகத்தை அங்கேதான் காணலாம். ஒரு மேசை, ஒரு பிரின்ரர், மூன்று கதிரை. மூன்றாவது கதிரையின் கால் ஆடும் என்பதால் அதில் தானே இருந்துகொள்வார். ஊரில் காணி உள்ளவர்கள் அற்றோணி எழுதுவிக்க அவரிடம் வருவார்கள். இங்கே இருக்கிற ஒருவர் தன் காணி அலுவலைப் பார்க்க அங்கே இருக்கிற ஒருவருக்கு எழுத்தில் கொடுக்கும் அதிகாரத்தை எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வது. சட்டத்தரணியின் முத்திரை பிறகு வேறிடத்தில் விழும். வசனம் அருள்நாயகத்தினுடையது.

மனிதர் ஊரில் காணிப் பத்திரம் முடிக்கிற நொத்தாரிசு ஒருவரிடம் கிளாக்காக இருந்தவர். தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம் ஆலடித்துறைச் சனம் முழுவதும் ஒரே இரவில் ஊரைவிட்டு ஓடியபோது, அவருடைய கையில் ஒரு ரெக்சின் பை இருந்தது. உள்ளே உடுப்பில்லை, உறுதிகள், ஊர்க் காணிகளின் உரிமைப் பத்திரங்கள். அதற்காக மனைவி அவரை அடுத்த இருபது வருடம் திட்டினாள். திட்டிக்கொண்டே சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாம் மாடியில் ஒரு பெண்பிள்ளையைப் பெற்று வளர்த்தாள், ஒரு பனிக்காலத்தில் நோய் வந்து போய்ச் சேர்ந்தாள். அருள்நாயகம் கடதாசிப் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் நின்றார். இப்போது அறுபத்தெட்டு வயதில், அஜக்சில் மகள் நிரோஷினியின் வீட்டு பேஸ்மென்ரில் இருக்கிறார். ரெக்சின் பையும் அவரோடு இருக்கிறது.

தான் எழுதிய உறுதி ஒன்றும் கோட்டில் தோற்றதில்லை என்பது அவருடைய பெருமை. போர் தோற்றது வேறு கதை.

அந்தப் போருக்கு ஒரு சமாதான ஒப்பந்தம் எழுதப்படவில்லை. இரண்டு பக்கமும் மேசையில் இருந்து பேசிப் பேனை மாற்றிக்கொள்கிற காட்சியெல்லாம் இல்லை. வென்றவர்கள் வென்றார்கள். தோற்றவர்களுக்குச் சமாதானம் நாலு பக்கப் படிவமாக வந்தது, அதுவும் பதினான்கு வருடம் பிந்தி. ஆலடித்துறையில் கடற்படை முகாமுக்குள் கிடந்த காணியில் ஒரு பகுதி விடுவிக்கப்படும் என்றது படிவம். எந்தப் பகுதி என்று சொல்லவில்லை. உரிமை கோருகிறவர் உறுதியைக் காட்டவேண்டும், நாலு எல்லையையும் சொல்லவேண்டும், பக்கத்துக் காணிக்காரர் இரண்டு பேரிடம் சத்தியக்கடதாசி வாங்கவேண்டும். குறித்த திகதிக்குள் கோராத காணி அரசாங்கத்துக்கு. முப்பத்துமூன்று வருடம் முள்ளுக்கம்பிக்கு வெளியே நிறுத்தி வைத்த ஒருவனிடம், உன் வேலி எங்கே என்று கேட்பதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். அது அவர்களிடம் நிறைய இருந்தது.

பக்கத்துக் காணிக்காரர்கள் எங்கே? பாதிப்பேர் சவக்காலையில். மிச்சப்பேர் ரொறன்ரோவில்.

ஆகவே அந்த ஆடி மாதம் ஊர் ஒன்றியத்தின் கோடை ஒன்றுகூடலில், பார்க்கில் கொத்து ரொட்டி வரிசைக்குப் பக்கத்தில், அருள்நாயகம் ஒரு மேசையைப் பிடித்தார். மேசைக்கு விரிக்கும் வெள்ளைக் கடதாசிச் சுருளை இழுத்துவிட்டு, அதில் மார்க்கரால் ஆலடித்துறையைக் கீறத் தொடங்கினார். கோயில், கடற்கரை வீதி, மீன்வாடி, வேலிகளுக்கு நடுவில் ஓடுகிற சின்னப் பாதைகளான ஒழுங்கைகள், பிறகு ஒவ்வொரு வளவாக. சங்கீதக்கதிரைக்குக் கூப்பிட்டும் சனம் போகவில்லை. எல்லாரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். ஐம்பது வருடத்துக்கு முந்தி ஒரு முழம் வேலி தள்ளிப் போட்டவனின் பேரனை மற்றவனின் பேத்தி முறைத்துப் பார்த்தாள். கண்ணில் காணாத காணிக்கு, கடற்படைக்காரன் பந்தடித்துக்கொண்டிருக்கிற காணிக்கு, மிசிசாகாவிலிருந்து வந்த இரண்டு பேர் கொலர் பிடிக்கிற அளவுக்குப் போனார்கள். அருள்நாயகத்துக்கு அன்றைக்குச் சந்தோசம். ஊர் உயிரோடு இருக்கிறதென்று நினைத்தார்.

அந்த மேசையில் நாற்பத்தொரு சத்தியக்கடதாசிக்கு ஆள் கிடைத்தது. அவர் முதல் எழுதியது தன் தங்கச்சி அன்ரனெற்றினுடையதை.

அன்ரனெற் நாடு விட்டுப் போகாதவள். முகாமிலிருந்து முகாமாக மாறி, கடைசியில் ஒரு நலன்புரி முகாமில் தகரக் கொட்டிலில் நின்றுவிட்டாள். கூரைத் தகரம் மூன்றுமுறை மாற்றியாகிவிட்டது, கொட்டில் மாறவில்லை. புருசன் கடலுக்குப் போய் வந்துகொண்டிருந்தவர், நெஞ்சு நோவு வந்து ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிந்துபோனார். ஒரே மகன் கடைசி யுத்தத்தில் போனவன் போனவன்தான். அறுபத்துமூன்று வயதில் அவளுக்கு ஒரு ஆசைதான் இருந்தது. தன் சொந்தக் கூரைக்குக் கீழே, பக்கத்துக் கொட்டிலின் இருமல் கேட்காத ஒரு சுவருக்குள் படுத்துச் சாகவேண்டும். சின்ன ஆசை. ஆனால் அது கிடைக்கிற ஆசையாக அவளுக்கு இதுவரை இருக்கவில்லை.

அவளுக்குச் சீதனமாகக் கொடுத்தது நாவலடி வளவு, இரண்டு பரப்பு. எண்பத்தெட்டாம் ஆண்டு அந்தச் சீதன உறுதியை எழுதியதே அருள்நாயகம்தான். தங்கச்சியின் உறுதி என்று நல்ல கடதாசி எடுத்து, மை ஊறாமல் எழுதினார். 'இதற்குட்பட்ட நிலம், வீடு, கிணறு, வான்பயிர், செய்பயிர் யாவும்' என்ற இடத்தை எழுதும்போது அவருக்குக் கண் கலங்கியது.

படிவம் போய் ஐந்தாம் மாதம் பதில் வந்தது. அன்ரனெற் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். 'உறுதியில் கூறப்பட்ட காணியை நிலத்தில் அடையாளம் காண முடியவில்லை.'

அருள்நாயகம் பேஸ்மென்ர் கட்டிலில் இருந்து, ரெக்சின் பையைத் திறந்து, உறுதிப் பிரதியை எடுத்து வாசித்தார். மேற்கு சரி. வடக்கு சரி. தெற்கு சரி. கிழக்கு: பஸ்ரியன் பேரிலுள்ள காணி. பிழை அங்கேதான்.

நாவலடிக்கும் பஸ்ரியனுடைய காணிக்கும் இடையில் எழுபத்துநாலிலேயே ஒழுங்கை வெட்டியாகிவிட்டது. இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுத்து வெட்டிய ஒழுங்கை. அருள்நாயகம் தினமும் சைக்கிளில் போன ஒழுங்கை. அந்த உறுதியை எழுதப் போனதும் அதே ஒழுங்கையால்தான். எழுதும்போது என்ன செய்தார்? எல்லாக் கிளாக்கும் செய்கிறதைச் செய்தார். தாயின் ஐம்பத்தோராம் ஆண்டு உறுதியைப் பக்கத்தில் வைத்து, எல்லையை அப்படியே பார்த்து எழுதினார். காணியைப் போய்ப் பார்த்து எல்லை எழுதுகிற வழக்கம் அந்தத் தொழிலிலேயே கிடையாது. பழைய உறுதி சொன்னால் சரி. எங்கள் உறுதிகளில் செத்தவர்கள்தான் எல்லைக்காரர்களாக நின்றார்கள், அதனால் ஒருவருக்கும் ஒரு குறையும் வரவில்லை, ஏனென்றால் ஊரே எல்லையைக் கண்ணால் அறிந்திருந்தது. ஊர் போன பிறகு கடதாசி மட்டும் மிஞ்சியது. கடதாசி பொய் சொன்னது.

அடுத்த நாள் காலை அவர் தங்கச்சிக்குப் போன் எடுத்தார். அங்கே பின்னேரம்.

"பிழை என்னுடையது பிள்ளை," என்றார். "பிழைதிருத்த உறுதி ஒண்டு முடிச்சு அனுப்பினால் எடுப்பினம். ஆறு மாசம் தவணை போட்டிருக்கு."

"அண்ணா, உதைப்பற்றி ஒரு கதை இருக்கு," என்றாள் அன்ரனெற். "காணி அடையாளம் காட்டேலாத ஆக்களைக் காணியில்லாதவை எண்டு ஒரு லிஸ்ற்றில போட்டிருக்கினம். அவைக்கு உள்ளுக்க, வயல் பக்கமா, கால் பரப்புக் காணியும் கல்வீடும் குடுக்கப்போகினமாம். என்ர பேரும் அதில இருக்கு. பக்கத்துக் கொட்டில் யூஜினி அக்காவின்ர பேரும் இருக்கு. கடல் இல்லைத்தான். ஆனா வீடு எல்லோ?"

"காணியில்லாதவையோ!" அருள்நாயகத்தின் குரல் ஏறியது. மேலே நிரோஷினியின் காலடி நின்றது. "உனக்குச் சீதனக் காணி இருக்கு. என்ர கையால எழுதின உறுதி இருக்கு. உன்னைக் காணியில்லாதவள் எண்டு ஆர் எழுதுறது? அவங்கள் பிடிச்சு வைச்சிருக்கிற காணியை நீயே இல்லையெண்டு ஒப்புக்கொள்ளுறியோ?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை அண்ணா."

"அந்த லிஸ்ற்றில இருந்தால் அதுதான் கருத்து. பொறு. நான் திருத்தித் தாறன்."

அவள், "நீங்கள் படிச்ச ஆள், சொன்னாச் சரியாத்தான் இருக்கும்," என்றாள்.

இதை அவர் பிறகு எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்தார். அவள் அதைப் பணிவாகச் சொன்னாளா, களைத்துப்போய்ச் சொன்னாளா என்று அவருக்கு இன்றைக்கும் தெரியாது.

கிழக்கு எல்லையைத் திருத்துவதற்குப் பஸ்ரியனுடைய வாரிசு சம்மதித்துக் கையெழுத்து வைக்கவேண்டும் என்று மாவட்டக் காணி அலுவலகம் இருக்கிற கச்சேரியில் கேட்டிருந்தார்கள். பஸ்ரியன் எப்போதோ போய்விட்டார். ஒரே மகன் கிளிபோட் பிக்கரிங்கில் இருந்தான். முப்பது வருடம் லொறி ஓடி இளைப்பாறியவன். இரண்டாயிரத்தொன்பது வைகாசியில் போரை நிறுத்தச் சொல்லி எங்கள் சனம் ரொறன்ரோ நெடுஞ்சாலையை மறித்து இருந்தபோது, குழந்தைகள் ஏற்றுகிற தள்ளுவண்டிகளுக்குப் பக்கத்தில் நடுச்சாமம்வரை இருந்தவன். அதற்குப் பிறகு ஊர் ஒன்றியத்துக்கும் வருவதில்லை, கோயிலுக்கும் வருவதில்லை. ஒன்றுகூடல் மேசையில் பஸ்ரியன் வளவு வெறும் கட்டமாகத்தான் கிடந்தது. அவன் தன் காணிக்கே படிவம் நிரப்பவில்லை.

நிரோஷினி காரில் கொண்டுபோய் இறக்கினாள். கிளிபோட் கராஜைத் திறந்துவைத்துப் பனி தள்ளுகிற மெசினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். விசயத்தைக் கேட்டதும் மெசினை நிற்பாட்டினான்.

"அருளண்ணை, உங்களில எனக்குக் கோவமில்லை. ஆனா நான் உதில கையெழுத்து வைக்கமாட்டன்."

"உன்னுடைய காணியைக் கேக்கேல்லையடா. நடுவில ஒழுங்கை இருந்தது எண்டு ஒரு சொல்லு."

"ஆருக்குச் சொல்லுறது? ஷெல் அடிச்சுக் கலைச்சவனுக்கு. என்ர அப்பற்றை காணி எங்கையெண்டு அவனுக்குத் தெரியாதோ? அதுக்கு மேலதான் அவன் மெஸ் கட்டியிருக்கிறான். உங்கட படிவத்தை நிரப்பிக் குடுத்தா, கேக்கிற உரிமை அவனுக்கு இருக்கெண்டு நான் ஒப்புக்கொண்ட மாதிரி."

"ஒப்புக்கொள்ளாமல் இருந்து என்ன கண்டனி?"

கிளிபோட் மெசினைச் சுவரோரம் தள்ளிவிட்டான். தேத்தண்ணி போடட்டோ என்று கேட்டான். அருள்நாயகம் வேண்டாமென்றுவிட்டார். திரும்பி வரும்போது காருக்குள் நிரோஷினி, "அப்பா, மாமி அந்த வீட்டை எடுக்கட்டுமே. வை நொட்?" என்றாள். அவர் அவளுக்கு நீளமாக விளங்கப்படுத்தினார்: உரிமை, உறுதி, தோற்றவனிடம் மிஞ்சுகிறது கடதாசி ஒன்றுதான், அதையும் விட்டால் எல்லாம் போச்சு. நெடுஞ்சாலையைவிட்டு இறங்கும் இடம் வரும்வரை சொன்னார். பிள்ளை கேட்டுக்கொண்டுதான் வந்தாள். கடைசியில், "ஷீ இஸ் சிக்ஸ்ரி த்றீ, அப்பா," என்றாள்.

இரண்டாம் தரமும் கிளிபோட் மாட்டேனென்றான். மூன்றாம் தரம் அருள்நாயகம் தனியாகப் பஸ் எடுத்துப் போனார். தை மாதம், கால் புதைகிற பனி. படியில் வழுக்கி விழுந்து, முழங்காலில் காற்சட்டைத் துணியெல்லாம் உப்பும் சேறுமாக வாசலில் நின்றார். உள்ளே கூட்டிப்போய் இருத்திய கிளிபோட்டிடம் அவர் அரசியல் ஒன்றும் கதைக்கவில்லை. அழுதுவிட்டார். "அவள் சாகிறதுக்குள்ள அவளின்ர காணியில ஒரு நாள் படுக்கவேணுமடா. நான் எழுதின பிழையால அவள் படுக்காமல் போனால், நான் இஞ்சை என்னெண்டு இருக்கிறது?"

கிளிபோட் கடதாசியைத் தன் பக்கம் இழுத்தான். பிறகு பேனையை எடுத்தான். கையெழுத்து வைக்கும்போது அவன் முகம் போன போக்கை அருள்நாயகம் பார்க்காமல் இருந்திருக்கலாம். "இதோட என்னட்டை வராதேங்கோ அண்ணை," என்றான். அவர் சரியென்றார். அதற்குப் பிறகு இருவரும் கதைத்ததில்லை.

பிழைதிருத்த உறுதி அழகாக வந்தது. 'கிழக்கு: ஒழுங்கை' என்று எழுதியபோது, முப்பத்தைந்து வருடமாக உள்ளங்காலில் இருந்த முள்ளை எடுத்ததுபோல அவருக்கு இருந்தது. முத்திரை விழுந்தது, கூரியரில் போனது. தவணைக்கு ஒன்பது நாள் முந்திக் கச்சேரியில் சேர்ந்தது. சனிக்கிழமை வந்தவர்களுக்கெல்லாம் அந்தக் கதையைச் சொன்னார். தன் பிழையைத் தானே சொல்லிச் சிரித்தார்.

அவர் சிரித்துக்கொண்டிருந்த அந்த மாதங்களில், வயல் பக்கத்தில் அறுபது கல்வீடு எழும்பியது. யூஜினிக்கு இருபத்திரண்டாம் இலக்கம் கிடைத்தது. அன்ரனெற் வீடு பார்க்கப் போய் வந்து சொன்னாள்: குசினிக்கு யன்னல் இருக்காம், கொழுத்தும் வெயில்தான், தண்ணி கொஞ்சம் உவர். "பரவாயில்லை, உனக்கு உன்ர நாவலடிக் கிணறு வருமெல்லோ," என்றார் அருள்நாயகம். அவள் ஓமென்றாள்.

அடுத்த வருடம் பங்குனி மாதம் ஒரு காலை, அவர் கோப்பிக்குச் சுடுதண்ணி வைத்துக்கொண்டிருக்கும்போது அவளுடைய அழைப்பு வந்தது. குரல் வழக்கம்போலத்தான் இருந்தது.

"கடிதம் வந்திட்டுது அண்ணா. காணி என்னுடையது எண்டு எழுதித் தந்திட்டினம்."

அருள்நாயகத்துக்குக் கோப்பி மறந்துபோனது. "நான் சொன்னன் எல்லோ! எப்ப விடுகினம்?"

"விடேல்லை. நாவலடி கடற்படைக்குத் தேவையாம். ஒழுங்கைக்கு மேற்கால இருக்கிறது ஒண்டும் விடேலாதாம். ஆனா உரிமை என்னுடையதுதானாம். அதை ஒருத்தரும் மறுக்கேல்லையாம். அப்பிடியே எழுதியிருக்கு."

"சரி. சரி பிள்ளை. அப்ப அந்த வீட்டைக் கேள். லிஸ்ற்றில பேர் இருந்ததெல்லோ."

"காணியுள்ள ஆள் எண்டு என்ர பேரை வெட்டிப்போட்டினம். அந்த வீடு வேற ஆளுக்குப் போட்டுது."

சுடுதண்ணி கொதித்துக் கேத்தில் தானாக நின்றது. அருள்நாயகம் வாயைத் திறந்தார். தொழில் தெரிந்த மனிதரல்லவா, வாயில் வந்தது தொழில்தான். "மேன்முறையீடு இருக்கும். பாத்தனியோ? எத்தினை நாள் தவணை?"

"பதினாலு நாள். எதுக்கு எதிரா முறையிடுறது அண்ணா? காணி எனக்கெண்டுதானே எழுதியிருக்கு."

அவள் மிச்சத்தையும் சொன்னாள். மாத முடிவில் முகாமை மூடுகிறார்கள். காணியில்லாதவர்களுக்கு வீடு கொடுத்தாயிற்று, காணி உள்ளவர்களுக்கு உரிமை கொடுத்தாயிற்று, இடம்பெயர்ந்தவர் என்று இனி மாவட்டத்தில் ஒருவரும் இல்லை என்று பெரிய கூட்டம் வைக்கப் போகிறார்களாம். பந்தல் போடுகிறார்கள். கொட்டில் தகரத்தைக் கழற்றிக்கொண்டு போகலாமாம், அதற்கும் ஒரு கடதாசி தந்திருக்கிறார்களாம். யூஜினி தன் வீட்டு முன் விறாந்தையில் ஒரு பக்கத்தை மறைத்துத் தருகிறேனென்று சொல்லியிருக்கிறாள். அவளுடைய மகனும் மருமகளும் வரும்வரைக்கும்.

"நீ இஞ்சை வா," என்றார் அருள்நாயகம். "நான் நிரோஷினியிட்டைச் சொல்லி ஸ்பொன்சர் எழுதுறன்."

"சகோதரங்களை எடுக்கேலாது எண்டு நீங்கள்தானே அண்ணா முந்திச் சொன்னனீங்கள்."

ஓம், அவர்தான் சொன்னது. மூன்று தரம் விண்ணப்பம் எழுதிப் பார்த்துவிட்டுச் சொன்னது.

அன்ரனெற் கடிதத்தைக் கையில் வைத்திருந்தாள் போல. கடதாசி சரசரத்தது. எழுத்துக்கூட்டி வாசிக்கிற மாதிரி, மெதுவாக வாசித்தாள். "மேற்கு செபஸ்தியாம்பிள்ளை காணி. வடக்கு கடற்கரை வீதி. தெற்கு கோயில் காணி. கிழக்கு ஒழுங்கை." நிறுத்தினாள். "எல்லாம் சரியா இருக்கு அண்ணா. ஒரு பிழையுமில்லை."

"அன்ரனெற்..."

"நான் உங்களைக் குறை சொல்லேல்லை," என்றாள். "ஒண்டு கேக்கிறன். உங்களுக்குத்தானே உதெல்லாம் தெரியும். அந்தப் பழைய பிழையைத் திரும்ப எழுதித் தரேலாதோ? பஸ்ரியனற்றை காணி எண்டு? கூட்டத்துக்கு இன்னும் பத்து நாள் கிடக்கு."

அருள்நாயகம் கட்டிலில் இருந்தார். காலடியில் ரெக்சின் பை கிடந்தது. பதிந்து முடிந்த உறுதியை மாற்றுவதென்றால் கிழக்கு எல்லைக்காரன் மறுபடி கையெழுத்து வைக்கவேண்டும். கிளிபோட் கதவையே திறக்கமாட்டான். திறந்தாலும், நடுவில் ஒழுங்கை இல்லையென்று எழுதினால் இப்போது அவர்களே நம்பமாட்டார்கள். அவர் அவ்வளவு வடிவாக நிரூபித்துவிட்டார்.

"ஏலாது பிள்ளை," என்றார்.

"ஓம்," என்றாள் அன்ரனெற். "நான் சும்மா கேட்டனான். தகரம் கழட்ட ஆள் வந்திருக்கு. வைக்கிறன் அண்ணா."